புது விமானியின் முதல் இரண்டு வருடம்: அமெரிக்க வழியா, சென்னை வழியா?

திருகோணமலைப் பாலையூற்றில் எங்கள் தெருப் பெடியன் ஒருவன் உயர்தரத்தில் கணிதப் பிரிவு எடுத்து நல்ல பெறுபேறு வாங்கியிருக்கிறான். விமானி ஆக வேண்டும் என்று ஒரே பிடியாக நிற்கிறான். போன ஞாயிறு அவனுடைய அப்பா காணி உறுதியைக் கையோடு எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். "அண்ணை, உங்கட சொந்தத்தில ரெண்டு பேர் பிளேன் ஓட்டினம்தானே. எந்த வழி நல்லது எண்டு சொல்லுங்கோ, இதை வைச்சு லோன் எடுப்பம்" என்றார்.

அந்த உறுதியைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் ஆற அமர இங்கே எழுதுகிறேன்.

அவர் சொன்ன அந்த இரண்டு பேரும் எனக்கு நெருக்கமானவர்கள். ஒருத்தி என் அக்காவின் மகள். நியூ ஜேர்சியில் பிறந்து வளர்ந்தவள், அங்கே ஒரு பிராந்திய விமான நிறுவனத்தில் துணை விமானி. மற்றவன் என் மனைவியின் அண்ணன் மகன், திருச்சிக்காரன். சென்னையிலிருந்து ஏடிஆர் 72 ஓட்டுகிறான். இரண்டு பேருமே என்னை மாமா என்றுதான் கூப்பிடுவார்கள், இரண்டு பேருமே தங்கள் ரோஸ்டரை எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். சீனக்குடா மாவு ஆலையில் 22 வருடம் மூன்று ஷிப்ட்டிலும் மாறி மாறி நின்றவன் நான். ஒருவரின் வேலை நேர அட்டவணையைப் பார்த்தால் அவர் எப்போது நித்திரை கொள்வார் என்பதைத்தான் முதலில் தேடுவேன்.

பிராந்திய விமானம் என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் டெல்டா, யுனைட்டட், அமெரிக்கன் போன்ற பெரிய நிறுவனங்களின் பெயரையும் நிறத்தையும் பூசிக்கொண்டு, சின்ன ஊர்களிலிருந்து பெரிய விமான நிலையங்களுக்கு ஆட்களைக் கொண்டுவந்து சேர்க்கும் 50 முதல் 76 இருக்கை வரையான ஜெட்டுகள். பெரிய நிறுவன விமானிகளின் தொழிற்சங்க ஒப்பந்தம்தான் அந்த 76 என்ற எல்லையைப் போட்டு வைத்திருக்கிறது. இந்தப் பக்கம், சென்னைக்கும் யாழ்ப்பாணத்துப் பலாலிக்கும் இடையே பறக்கிறதே, உந்துவிசிறி வைத்த ஏடிஆர், அதுதான் நம் கண்ணுக்குப் பழகிய பிராந்திய விமானம். 2019 நவம்பரில் அலையன்ஸ் எயர் அந்த வழியைத் தொடங்கியது. 2024 செப்டெம்பரில் இண்டிகோவும் வந்து சேர்ந்தது.

இனிப் பயிற்சி. இரண்டு வழிக்கும் உள்ள மிகப் பெரிய வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. இந்தியாவில் 200 மணித்தியாலம் பறந்தால் வர்த்தக விமானி உரிமம் கிடைக்கும். அதன் மேல் டைப் ரேட்டிங், அதாவது ஓட்டப்போகும் விமான வகைக்கான தனித் தகுதி, எடுத்துவிட்டால், வேலை கிடைக்கும் பட்சத்தில், நேரே பயணிகள் விமானத்தின் வலப்பக்க ஆசனத்தில் துணை விமானியாக உட்காரலாம். அமெரிக்காவில் அப்படி இல்லை. அங்கே பயணிகள் விமான நிறுவனத்தில் துணை விமானியாக வரவே 1500 மணித்தியாலம் வேண்டும். விமானத் துறையில் 4 வருடப் பட்டம் அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் எடுத்தவருக்கு 1000 போதும், இராணுவ விமானிக்கு 750.

இந்த விதிக்குப் பின்னால் 50 உயிர்கள் இருக்கின்றன. 2009 பெப்ரவரி 12 இரவு, நியூவார்க்கிலிருந்து பஃபலோவுக்குப் போன கொல்கன் எயர் விமானம் தரையிறங்கப் போகும் நேரத்தில் வேகம் இழந்து ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் வீட்டில் இருந்த ஒருவரும் இறந்தார்கள். எச்சரிக்கை வந்தபோது தலைமை விமானி தவறாகச் செயற்பட்டதுதான் காரணம் என்று விசாரணை முடிவு செய்தது. ஆனால் விசாரணையில் வெளிவந்த இன்னொரு விஷயம்தான் என் மனதை விட்டு இன்றைக்கும் போகவில்லை. துணை விமானியாக இருந்த அந்தப் பெண், வேலைக்கு வருவதற்காக முந்தைய இரவு முழுவதும் சியாட்டிலிலிருந்து வேறு விமானங்களில் ஏறி நாட்டின் மறுகரைக்கு வந்திருந்தார். பேஸ், அதாவது விமானி வேலையைத் தொடங்கும் விமான நிலையம், இருக்கும் ஊரில் வாடகைக்கு வீடு எடுக்கும் அளவுக்கு அந்தக் காலத்துத் துணை விமானிச் சம்பளம் இருக்கவில்லை. 2010 இல் சட்டம் வந்தது, 2013 இல் 1500 மணித்தியாலம் கட்டாயமானது, 2014 ஜனவரியிலிருந்து ஓய்வு விதிகளும் மாறின.

அக்காவின் மகள் அந்த 1500 ஐச் சேர்க்க இரண்டு வருடத்துக்கு மேல் பறப்புப் பயிற்றுநராக வேலை செய்தாள். மழை வந்தால் பறப்பு இல்லை, பறப்பு இல்லாவிட்டால் சம்பளமும் இல்லை. ஆனால் அந்த இரண்டு வருடத்தில் ஓரளவுக்கு உழைத்துக்கொண்டே மணித்தியாலத்தைச் சேர்த்தாள் என்பதை மறக்கக் கூடாது. நிறுவனத்தில் சேர்ந்த பிறகு எல்லாச் செலவும் அவர்களுடையது. 30 மணித்தியால வகுப்பும் 10 மணித்தியால சிமுலேட்டரும் கொண்ட ஒரு கட்டாயப் பாடநெறி, பிறகு விமானத்தின் அமைப்புகள், பிறகு உண்மை விமானம் போலவே அசையும் சிமுலேட்டர், சோதனை. அது முடிந்து உண்மையான பயணிகளோடு, பரிசோதகத் தலைமை விமானி பக்கத்தில் இருக்க, குறைந்தது 25 மணித்தியாலம். அதன் பிறகும் அந்த வகை விமானத்தில் 100 மணித்தியாலம் ஆகும்வரை, பலத்த பக்கக்காற்றிலோ ஓடுபாதையில் பனி கிடக்கும்போதோ அவள் விமானத்தைத் தரையிறக்க முடியாது, தலைமை விமானிதான் தரையிறக்க வேண்டும். புதியவரை எவ்வளவு படிப்படியாகக் கைபிடித்துக் கொண்டுபோகிறார்கள் என்று கேட்டபோது எனக்கு மனம் நிறைந்தது.

திருச்சி மருமகனின் கதை வேறு. பயிற்சிப் பள்ளி, டைப் ரேட்டிங் எல்லாம் சேர்ந்து ஒரு கோடி இந்திய ரூபாயைத் தொட்டுவிட்டது. முழுவதும் வீட்டை வைத்து எடுத்த கடன். டைப் ரேட்டிங் முடிந்து நிறுவனம் கூப்பிடும்வரை பதினொரு மாதம் வீட்டில் இருந்தான். தவணை மட்டும் மாதா மாதம் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பதினொரு மாதம் மைத்துனர் வீட்டுக்குப் போன் எடுக்கவே எங்களுக்குத் தயக்கமாக இருந்தது.

சம்பளத்தில் அமெரிக்கா இப்போது தலைகீழாக மாறிவிட்டது. விமானிகளுக்குத் தட்டுப்பாடு வந்து, 2022 ஜூனில் அமெரிக்கன் நிறுவனத்தின் துணைக் கம்பனிகள் முதல் வருடத் துணை விமானிக்கு மணித்தியாலத்துக்கு 90 டொலர் என்று அறிவித்தன. மற்றவர்களும் பின்னாலேயே ஏற்றினார்கள். மாதம் 75 மணித்தியாலம் உத்தரவாதம் என்று வைத்தால் 6,750 டொலர், வருடத்துக்கு 81,000. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மணித்தியாலம் விமானம் வாசலை விட்டு நகர்ந்ததிலிருந்து மறு வாசலில் நிற்கும்வரைதான் எண்ணப்படும். அக்காவின் மகள் அனுப்பிய ஒரு நான்கு நாள் பயணத்தை நான் கடதாசியில் கூட்டிப் பார்த்தேன். வீட்டை விட்டு வெளியே நின்றது 78 மணித்தியாலம், சம்பளத்துக்கு எண்ணப்பட்டது 21. மிச்சத்துக்குச் சாப்பாட்டுப் படி என்று கொஞ்சம் உண்டு, அவ்வளவுதான். மருமகனுக்குச் சம்பளம் நம் ஊர்க் கணக்கில் நல்ல தொகைதான், ஆனால் தவணை போன பிறகு கையில் நிற்பதைப் பார்த்தால் என் ஷிப்ட் நாட்கள்தான் ஞாபகம் வருகின்றன.

அப்புறம், நான் முதலில் தேடும் விஷயம்: நேரம்.

அமெரிக்காவில் எல்லாம் சீனியோரிட்டி எண்தான். சேர்ந்த திகதியில் அந்த எண் ஒட்டிக்கொள்ளும். லீவு, பேஸ், பறக்கும் பயணம் எல்லாவற்றையும் எண்படிதான் கேட்டு வாங்கலாம். புதியவருக்குக் கிடைப்பது ரிசர்வ். அதாவது பறப்பு ஒதுக்கப்பட்டிருக்காது, போன் பக்கத்தில் இருக்க வேண்டும். அக்காவின் மகளுடைய ரிசர்வ் விடிகாலை 4 மணிக்குத் தொடங்கும், இங்கே மதியம் இரண்டரை. கூப்பிட்டால் இரண்டு மணித்தியாலத்தில் விமான நிலையத்தில் நிற்க வேண்டும். அவளுடைய பேஸ் வேறு மாநிலத்தில். அதனால் ஆறு விமானிகள் சேர்ந்து எடுத்த ஒரு வாடகை வீட்டில் அடுக்குக் கட்டிலில் படுத்திருப்பாள். ஒருநாள் வீடியோவில் காட்டினாள்: கட்டிலைச் சுற்றி அவளே கட்டிய கறுப்புத் திரை, தலைமாட்டில் சீருடை, திரைக்கு அப்பால் யாரோ பெட்டி இழுக்கும் சத்தம்.

ஆனால் அவளுக்கு மூன்று பிடிமானங்கள் உண்டு. வேலைக்கு முன் 10 மணித்தியால ஓய்வு, அதில் 8 தடையில்லாத நித்திரைக்கு. 28 நாளில் 100 மணித்தியாலத்துக்கு மேல் பறக்க முடியாது. களைப்பாக இருக்கிறது என்று சொல்லிப் பறக்க மறுக்கும் உரிமை விதியிலேயே எழுதியிருக்கிறது. ஏழு நாளில் தொடர் ஓய்வு என்று சட்டம் கொடுப்பது 30 மணித்தியாலம்தான். மாதத்தில் பதினொரு நாள், பன்னிரண்டு நாள் லீவு வருகிறது என்றால் அது தொழிற்சங்கம் பேசி வாங்கியது.

எழுத்தில் பார்த்தால் வார ஓய்வில் இந்தியாதான் இப்போது தாராளம். 36 மணித்தியாலமாக இருந்ததை 2025 ஜூலையிலிருந்து 48 ஆக்கினார்கள். ஒரு விமானி இரவில் தரையிறக்கும் எண்ணிக்கையையும் இரண்டாகக் குறைக்கும் இரண்டாம் கட்டம் நவம்பரில் வந்தது. டிசெம்பரில் என்ன நடந்தது என்பதை எல்லாரும் பார்த்தோம். நாட்டின் மிகப் பெரிய நிறுவனமான இண்டிகோவிடம் புது விதிக்குப் போதுமான விமானிகளை வைத்து அட்டவணை போட முடியவில்லை, ஆயிரக்கணக்கான பறப்புகள் ரத்தாகின, அரசு தற்காலிகமாக விதியைத் தளர்த்திக் கொடுத்தது. விமானியின் நித்திரைக்காகப் போட்ட விதியை முதல் நெருக்கடியிலேயே தள்ளி வைத்தது பிழை என்றுதான் நான் நினைக்கிறேன். மருமகனுடைய ரோஸ்டரை அவனுடைய நிறுவனமே போடும், கேட்டு வாங்க எண் இல்லை. ஒரு நாளில் நான்கு செக்டர், அதாவது நான்கு பறப்பு, ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலம் சொச்சம், இடையில் இருபத்தைந்து நிமிடம். விட்டுப் போகலாம் என்றால் துணை விமானிக்கு 6 மாத முன்னறிவிப்புக் காலம். ஆனாலும் ஒன்று: அவன் பெரும்பாலான இரவுகள் சொந்த வீட்டில் படுக்கிறான், அவனுடைய அம்மா வைத்த சாப்பாட்டைச் சாப்பிடுகிறான். அக்காவின் மகளுக்கு அது முதல் வருடத்தில் கிடைக்கவே இல்லை.

இரண்டில் எது என்று கேட்டால் நான் அமெரிக்க வழியைத்தான் சொல்வேன். மணித்தியாலம் சேர்க்கும் காலம் நீளம், ஆனால் பெரிய சுமையை நிறுவனம் தூக்குகிறது, எண் ஏற ஏற வாழ்க்கையும் ஒரு ஒழுங்குக்கு வருகிறது. ஆனால் இது அங்கே நிரந்தரமாக வேலை செய்யும் உரிமை உள்ளவருக்கு. படிக்கும் விசாவில் போய்ப் பறக்கப் பழகலாம், அதை வைத்துக்கொண்டு பிராந்திய நிறுவனத்தில் வேலை கிடைக்காது. புதியவரைப் பயிற்றி வேலைக்கு எடுக்கும் இந்திய நிறுவனங்களின் கடேட் திட்டங்களும் இந்தியருக்கானவை. அந்த அப்பாவுக்கு இதைச் சொன்னபோது அவர் உறுதியை மெதுவாகப் பைக்குள் வைத்தார்.

அப்போ நம் பெடியனுக்கு? சீனக்குடாவிலேயே விமானப்படைப் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. செலவு முழுவதும் அரசு பார்க்கும், பல வருடச் சேவை கட்டாயம். நம் வீடுகளில் அந்தப் பேச்சை எடுப்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும், முடிவு அந்தக் குடும்பத்துடையது. இல்லையென்றால் இரத்மலானையில் தனியார் பயிற்சி. சீனக்குடாவுக்கு வந்துபோன செஸ்னா கரவன் போன்ற சின்ன விமானத்தில் தொடங்கி மேலே போனவர்கள் உண்டு. அந்த வழி என்றால் முழுத் தொகையையும் ஒரே தடவையில் கட்ட வேண்டாம், கட்டம் கட்டமாகக் கட்டுங்கள். வேலைக் கடிதம் கையில் வராமல் டைப் ரேட்டிங்குக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டாம் என்றும் சொன்னேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால், விமானிக்கான 'வகுப்பு 1' மருத்துவச் சோதனை. கண், காது, இருதயம் சரியில்லை என்றால் காணி உறுதிக்கு வேலையே இல்லை. பெடியன் வரும் கிழமை இரவு ரயிலில் கொழும்புக்குப் போகிறான். நேற்று மாலை வந்து, போனில் நிறப்பார்வைப் படங்களைத் திறந்து என் முன்னால் ஒவ்வொன்றாக எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தான். புள்ளிகளுக்குள் இருந்த 74 ஐ மட்டும் இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் சொன்னான். வெளிச்சம் குறைவாக இருக்கிறது, நாளைக்குக் காலையில் பார்ப்போம் என்று போனை வாங்கி வைத்தேன்.