நரைத்த பம்பர் மறுபடி கறுத்தது: டர்பன் வெயிலில் மூன்று வருட அனுபவம்

என் கார் 2004 மாடல் டொயோட்டா டாஸ். வெள்ளை உடம்பு, முன்னும் பின்னும் கறுப்பு பிளாஸ்டிக் பம்பர், கதவு நெடுக ஒரு கறுப்புப் பட்டை, முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர் உட்கார்ந்திருக்கும் நீளமான கறுப்புத் தகடு. பெரியப்பா ஓட்டிய கார், 2019-இல் என்னிடம் வந்தது. அவர் தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய ப்ராஸ்பெக்டனில் டொயோட்டா ஆலையில் வேலை பார்த்தவர், டாஸ் 2006 வரை அங்கேதான் தயாரானது, அதனால் இந்தக் காரை விற்க வீட்டில் யாருக்கும் மனம் வரவில்லை. எஞ்சின் இன்றைக்கும் சொன்ன பேச்சு கேட்கிறது. ஆனால் அந்தக் கறுப்பெல்லாம் சாம்பல் நிறமாகி, பம்பர் மேலே விரலால் தேய்த்தால் சுண்ணாம்பு மாதிரி ஒட்டும் நிலைக்கு வந்திருந்தது. நன்றாக ஓடுகிற காரைக் கிழடு தட்டிப்போனதாகக் காட்டுவது பெயிண்ட் இல்லை, இந்த பிளாஸ்டிக்தான்.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் வீட்டுக்கு கராஜ் கிடையாது. கார் மூக்கு கிழக்கே பார்த்து, திறந்த வெளியில் நிற்கும். டர்பன் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறக்குறைய 30 டிகிரியில் இருப்பதால் இங்கே நடுப்பகல் சூரியன் எப்போதும் வடக்குப் பக்கம்தான் இருக்கும், சென்னைக்காரர்களுக்குப் பெரும்பாலான மாதங்களில் தெற்கே சாய்வதற்கு நேர் எதிர். ஆக, என் காரின் இடது பக்கம் வருடம் முழுக்க வெயில் வாங்குகிறது. இடது கதவுப் பட்டை வெளுத்த அளவில் பாதிகூட வலதுபக்கம் வெளுக்கவில்லை. டிசம்பர், ஜனவரியில் சூரியன் கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலே வந்துவிடும், அப்போது பம்பரின் மேல்முகமும் வைப்பர் தகடும்தான் அடி வாங்கும். பின்னால் நான் எழுதப்போகும் தேதிகளையெல்லாம் இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள், கறுப்பு எவ்வளவு நாள் நிற்கும் என்பது பூசுகிற மருந்தைவிட அந்த பிளாஸ்டிக் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதைப் பொறுத்தே இருக்கிறது.

முதல் இரண்டு வருடம் நான் செய்ததெல்லாம் வீண் வேலை. கடையில் கிடைக்கும் பளபளப்பு எண்ணெய் ஒன்று வாங்கி அடித்தேன், அன்று மாலை கார் புதுசு மாதிரி இருந்தது. அடுத்த வாரம் இடி மழை வந்தது, பம்பரிலிருந்தும் பட்டையிலிருந்தும் எண்ணெய் வழிந்து வெள்ளைக் கதவில் கோடு கோடாக இறங்கியது. மழை இல்லாத வாரத்தில் தூசி ஒட்டியது, இங்கே மண் சிவப்பு, கறுப்பு பிளாஸ்டிக் செம்மண் பூசியது போல் ஆகிவிடும். அம்மா தேங்காய் எண்ணெய் தடவிப் பார் என்றார், தடவினேன், மூன்று நாள் நின்றது, எறும்பும் வந்தது. ரோட்டோரம் கார் கழுவும் பையன்கள் டயருக்கு அடிப்பதையே பம்பருக்கும் அடிப்பார்கள், அதுவும் இதே சங்கதிதான்.

அப்புறம் ஹீட் கன், அதாவது கொதிக்கும் காற்றை ஊதும் கருவி. கார் உடம்பைத் தட்டிச் சரிசெய்யும் தெரிந்த பேனல் பீட்டர் ஒருவர், சூடு காட்டினால் உள்ளே இருக்கும் கறுப்பு மேலே வரும் என்றார். உண்மையிலேயே வரும், கண்ணெதிரே சாம்பல் கறுப்பாக மாறுவதைப் பார்த்து நான் அசந்துபோனேன். ஆனால் பிளாஸ்டிக்கின் மேல்தோலை லேசாக உருக்கித்தான் அது நடக்கிறது. பாலிப்ரோப்பிலீன் உருகுவது 160 டிகிரி சுற்றுவட்டாரத்தில், அந்தக் கன் எளிதாக 500 டிகிரி தாண்டும். பின்பம்பர் மூலையில் ஒரு கணம் கை நின்றுவிட்டது, அந்த இடத்தில் சொரசொரப்பு போய் வழவழவென்று மினுங்குகிறது, இன்றைக்கும் அப்படியே இருக்கிறது, இனி எதைப் பூசினாலும் அது மறையாது. மற்ற இடங்களில் கறுப்பு நான்கு மாதம் நின்றது, பிறகு திரும்பவும் நரைத்தது. இந்த வழியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

பெரியப்பாதான் விஷயத்தை விளங்க வைத்தார். கதவுப் பட்டையைக் கழற்றி அதன் பின்முகத்தைக் காட்டினார், வெயில் படாத அந்தப் பக்கம் கன்னங்கரேலென்று இருந்தது, 'பிபி' என்று முத்திரையும் இருந்தது, அதாவது பாலிப்ரோப்பிலீன். பல கார்களில் பிபி+இபிடிஎம் என்றும், கூடவே டி20 என்றும் பார்க்கலாம். இபிடிஎம் என்பது ரப்பர், டி20 என்றால் 20 சதவீதம் டால்க், முகத்துக்குப் போடும் பவுடரில் இருக்கிற அதே கல்மாவு. கறுப்பு மேலே அடித்த பெயிண்ட் இல்லை, உள்வரைக்கும் கலந்த நிறம். புற ஊதாக் கதிர் மேல்தோலின் பிணைப்புகளை அறுக்கிறது, கண்ணுக்குத் தெரியாத விரிசலும் குழியும் விழுகிறது, உள்ளே இருந்த மாவு வெளியே தலைகாட்டுகிறது, வெளிச்சம் அந்தக் குழிகளில் பட்டுச் சிதறுவதால் நமக்குச் சாம்பலாகத் தெரிகிறது. தண்ணீர் ஊற்றினால் உடனே கறுக்கிறதே, குழிகளைத் தண்ணீர் நிரப்புவதால்தான். எண்ணெயும் அதையேதான் செய்கிறது, வறண்ட காலில் எண்ணெய் தடவுகிற மாதிரி. ஆக, குழிக்குள் போய் இறுகி அங்கேயே தங்குகிற ஒரு பூச்சு, அதாவது கோட்டிங், வேண்டும், அது உள்ளே போக முதலில் குழி சுத்தமாக இருக்க வேண்டும். எனக்கு இவ்வளவு காலம் புரியாமல் இருந்தது அந்த இரண்டாவது பாதிதான்.

இதில் ஒரு சோதனையும் அடங்கியிருக்கிறது. கழுவிய பிளாஸ்டிக்கில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், நனைந்ததும் நல்ல கறுப்பானால் கோட்டிங் எடுபடும். நனைந்தும் சாம்பலாகவே இருந்தால் மேல்தோல் ரொம்பக் கெட்டுவிட்டது, கருஞ்சாயம் கலந்த வகையோ பம்பர் பெயிண்ட்டோதான் வழி. பெயிண்ட் என்றால் அடியில் அட்ஹீஷன் ப்ரோமோட்டர் (பெயிண்ட் ஒட்ட உதவும் அடிப்பூச்சு) போடாமல் அடிக்காதீர்கள், பாலிப்ரோப்பிலீனில் எதுவும் எளிதில் ஒட்டாது, கல் பட்ட இடத்திலிருந்து தோலுரிந்து வரும்.

2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகுதான் நான் தீவிரமாக இறங்கினேன். வீடு மேட்டில் இருந்ததால் கார் தப்பியது, ஆனால் அந்த வாரங்களில் சேற்றிலும் உடைந்த ரோட்டிலும் ஓடி ஓடி பம்பரின் சொரசொரப்பு முழுக்கச் செம்மண் ஏறிவிட்டது. இந்த மாதிரி வெளிப்புற பிளாஸ்டிக்குக்கென்றே வரும் ஒரு செராமிக் வகை ட்ரிம் கோட்டிங் வாங்கினேன், 30 மில்லி, 480 ராண்ட். பெயர் சொல்லவில்லை, இந்த வகையில் நல்லது பல இருக்கின்றன, சிலாக்சேன் (சிலிக்கான் வகைச் சேர்மம்) சேர்ந்தது, காய்ந்து இறுகுவது என்று இருந்தால் போதும்.

ஜூலை வரைக்கும் காத்திருந்தேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. அதே வருடம் ஜனவரியில் நண்பர் தந்த மிச்சம் கொஞ்சத்தை, காலை 11 மணி வெயிலில், வலது கண்ணாடி மூடியில் பூசிப் பார்த்திருந்தேன். சூடான பிளாஸ்டிக், ஈரமான காற்று, துணியால் துடைத்துச் சமன் செய்வதற்குள் இறுகி, வானவில் மாதிரித் திட்டுத் திட்டாக நின்றுவிட்டது. அதே மருந்தை மறுபடி மேலே தடவி இளக்கி உடனே துடைத்ததில் ஓரளவு சரியானது. ஜூலையில் டர்பனில் மழை குறைவு, பகலில் 22, 23 டிகிரி, காற்றும் உலர்ந்தது, இந்த வேலைக்கு அதைவிட நல்ல மாதம் கிடையாது.

சுத்தம் செய்ய ஒரு முழு சனிக்கிழமை போனது. சன்லைட் சோப்பு நீரால் கழுவி, பிறகு ஹேண்டி ஆண்டி என்ற வீட்டுச் சுத்திகரிப்பான் கொஞ்சம் போட்டு நகம் தேய்க்கும் பிரஷ்ஷால் வட்ட வட்டமாகத் தேய்த்தேன். முதல் முறை நுரை காப்பி நிறத்தில் வந்தது, இரண்டாவது தடவை தேநீர் நிறம், நான்காவது தடவைதான் நுரை வெள்ளையாகவே நின்றது. நுரை வெள்ளையாகும் வரை நிறுத்தாதீர்கள், இந்தப் பதிவில் நீங்கள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். வருடக்கணக்கில் பூசின எண்ணெய் அத்தனையும் உள்ளே இருக்கிறது. பழைய மெழுகு பட்டு வெள்ளையாக நிற்கும் ஓரங்களைப் பள்ளிக்கூடப் பென்சில் ரப்பரால் அழித்தால் போய்விடும், நம்ப மாட்டீர்கள், செய்து பாருங்கள். பூசையில் வைத்த சந்தனமும் குங்குமமும் முன்பம்பரில் கறையாகத் தங்கியிருந்தன, சந்தனம் போனது, குங்குமத்தின் லேசான சிவப்பு மட்டும் கடைசிவரை போகவில்லை. அடுத்து மெத்திலேட்டட் ஸ்பிரிட் துணியில் தொட்டு ஒரு முறை துடைத்து, அக்கா வீட்டுக் கராஜில் இரவு முழுக்கக் காய விட்டேன். சொரசொரப்புக்குள்ளும் இணைப்புகளிலும் தண்ணீர் ஒளிந்துகொண்டிருக்கும், அவசரப்பட்டால் மேலே பூசியது உள்ளே பிடிக்காது.

மறுநாள் பெயிண்ட் ஓரமெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டி, நிழலில், ஒரு சாண் ஒரு சாணாகப் பூசி, ஒரு நிமிடத்துக்குள் வேறு துணியால் ஒற்றி எடுத்தேன். ஒரு மணி நேரம் கழித்து இரண்டாவது கை. மொத்தமே 12 மில்லிதான் செலவானது. இரண்டு நாள் நனையவிடவில்லை. ஜன்னல் ரப்பரில் பூச வேண்டாம், அது வளைகிற பொருள், பூச்சு வெடித்துவிடும்.

சரி, அதற்குப் பிறகு எப்படி இருந்தது?

ஆறு மாதம் எந்த மாற்றமும் இல்லை. மினுங்கும் கறுப்பு இல்லை, கார் கடையை விட்டு வரும்போது இருக்குமே அந்த மந்தமான கறுப்பு, எனக்குப் பிடித்ததே அதுதான். அடுத்த பூசையில் வைத்த குங்குமம் ஈரத்துணியில் சுத்தமாக வந்துவிட்டது. பெரியப்பாவோடு இசிபிங்கோவுக்கு மீன் பிடிக்கப் போய்விட்டு வந்தால் கடல் உப்பு வெள்ளைப் படலமாக உட்காரும், முன்பெல்லாம் அதைத் தேய்த்து எடுக்க வேண்டும், இப்போது குழாயடியில் ஓடிவிடுகிறது. டோங்காட் பக்கம் அக்கா வீட்டில் கரும்பு எரிக்கும் மாதங்களில் கரி பறந்து வந்து விழும், அதுவும் அப்படியே.

முதலில் தளர்ந்தது வைப்பர் தகடு, 11-ஆவது மாதம். 16-ஆவது மாதத்தில் முன்பம்பரின் மேல்முகமும் இடது கதவுப் பட்டையும் மங்கின. எரிபொருள் மூடிக்குக் கீழே ஒரு விரல் அகலத்துக்குச் சாம்பல் கோடு விழுந்திருந்தது, பெட்ரோல் போடும் பையன் குழாயை எடுக்கும்போது சொட்டுவதுதான் காரணம், இப்போது நானே இறங்கி நின்று ஒரு துணியைப் பிடிக்கிறேன். ரோட்டோரக் கழுவலையும் நிறுத்திவிட்டேன், அவர்கள் போடும் கிரீஸ் எடுக்கிற மருந்து கோட்டிங்கையும் அரித்துவிடும் என்று சந்தேகம் வந்ததால்.

2023 நவம்பரில் மங்கின இடங்களுக்கு மட்டும் இரண்டாவது முறை பூசினேன். இந்த முறை ஒரே கழுவல், ஒரு ஸ்பிரிட் துடைப்பு, முக்கால் மணி நேரத்தில் முடிந்தது, பழைய எண்ணெய் உள்ளே இல்லாததன் பலன் அது. பாட்டிலைத் திறந்து பல மாதம் ஆனதால் உள்ளே கெட்டியாகியிருக்குமோ என்று பயந்தேன், மூடியை இறுக்கி ஃப்ரிட்ஜில் வைத்திருந்தது காப்பாற்றியது.

இப்போது 2025 ஜூலை. வலது கதவுப் பட்டையும் பின்பம்பரின் கீழ்ப்பகுதியும் மூன்று வருடத்துக்கு முன் பூசிய அதே பூச்சோடு நிற்கின்றன, தண்ணீர் முத்தாக உருளுவது மட்டும் நின்றுவிட்டது, நிறம் போகவில்லை. இடது பக்கம் மறுபடி மங்கத் தொடங்குகிறது. வடக்கு வெயிலுக்கு ஒன்றரை வருடம், மேல்முகத்துக்கு ஒரு வருடம், நிழல் பக்கத்துக்கு மூன்று வருடத்துக்கும் மேலே, இதுதான் என் காரில் நான் பார்த்த கணக்கு. முதல் பாட்டிலில் இன்னும் மிச்சம் இருக்கிறது, ஆனால் அது கெட்டிப்பட்டுவிட்டது, அதனால் புதிது ஒன்று வாங்கியாயிற்று.

பெரியப்பா இப்போது தன் ஹைலக்ஸ் பிக்கப் வண்டியின் சக்கர வளைவுகளையும் செய்து தரச் சொல்கிறார். போன ஞாயிறு தண்ணீர் தெளித்துப் பார்த்தோம், நான்கும் நல்ல கறுப்பாக மாறின. இந்த சனிக்கிழமை காலை பிரஷ்ஷோடு அவர் வீட்டுக்குப் போகிறேன்.