ஸ்மால் காட்ஸ் ஆடியோபுக்: ஆமையா மாட்டிக்கிட்ட சாமி

நக்கலும் கிறுக்குத்தனமும் சேர்ந்த ஃபேண்டஸி, சயின்ஸ் ஃபிக்‌ஷன் ஆடியோபுக் இருந்தா சொல்லுன்னு ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு மூணு பேர் கேட்டுட்டே இருக்காங்க, அதான் போன மாசம் கேட்டு முடிச்ச, இங்கிலாந்து எழுத்தாளர் டெர்ரி பிராட்செட்டோட ஸ்மால் காட்ஸ் பத்தி எழுதிடறேன். நாவல் 1992ல வந்தது. நான் சொல்றது பெங்குவின் 2022ல புதுசா பதிவு பண்ணது.

ஓம்னியான்னு ஒரு நாடு, அவங்க கடவுள் பேரு ஓம். ஆமாங்க, ஓம்! பெரிய ரூபம் எடுத்து பூமிக்கு வரலாம்னு பாத்தவரு ஆமையா மாட்டிக்கிறாரு, ஏன்னா அந்த உலகத்துல சாமிக்கு பலமே நம்புறவங்கதான், நாடு பூரா கோயிலு பூசாரின்னு இருந்தாலும் எல்லாருக்கும் மதத்துக்கு எதிரானவங்கள தண்டிக்கிற விசாரணை ஆளுங்க மேலதான் பயம், நெஜமா சாமிய நம்புறவன் ப்ரூத்தான்னு தோட்ட வேலை பாக்குற ஒரே ஒரு பையன்தான். அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனா ஒரு தடவ பாத்தா கேட்டா எதையும் மறக்க மாட்டான். ஆமை கத்துறது அவன் ஒருத்தனுக்குத்தான் கேக்கும். அந்த உலகம் நெஜமாவே தட்டை, நாலு யானை மேல, யானைங்க ஒரு பெரிய ஆமை மேல. ஆனா உலகம் உருண்டைன்னுதான் அங்க மதம் சொல்லுது, உலகத்த தாங்குற அந்த ஆமைய பத்தி பேசினா தண்டனை. கலிலியோ கதைய அப்படியே திருப்பிப் போட்டிருக்காரு மனுஷன், அந்த இடத்துல பஸ்ஸுல வாய்விட்டே சிரிச்சிட்டேன்.

வாசிக்கிறது ஆண்டி செர்கிஸ், லார்ட் ஆஃப் த ரிங்ஸ் படத்துல கோல்லமா நடிச்சவரு. ஆமையோட எரிச்சல், ப்ரூத்தாவோட வெள்ளந்தி, விசாரணை ஆளுங்களுக்குத் தலைவனான வோர்பிஸோட சத்தமே போடாத கொடூரம், ஒவ்வொண்ணும் வேற வேற ஆள் மாதிரியே இருக்கு.

ஆனா எனக்கு ரொம்பப் புடிச்சது அடிக்குறிப்பு. பிராட்செட் ஜோக்குல பாதி பக்கத்துக்கு அடியிலதான் இருக்கும், புக்குன்னா கண்ணு கீழ போயிட்டு வந்துடும், காதுக்கு என்ன பண்றது? அதுக்குன்னு தனியா பில் நைங்கிற நடிகர வச்சிருக்காங்க, அவரு குரல் வந்தாலே இது குறிப்புன்னு புரிஞ்சிடும், கதை எங்க விட்டுச்சுன்னு குழப்பமே இல்ல. மரணம்னு ஒரு கேரக்டர், புக்குல பெரிய எழுத்துல மட்டுமே பேசும், அதுக்கு பீட்டர் செராஃபினோவிச் குரல். யாரோ உக்காந்து யோசிச்சு பண்ணிருக்காங்க, அந்த அக்கறை காதுல விழுது.

குறைன்னா, செர்கிஸ் குரல இறக்கிப் பேசுற இடமெல்லாம் பஸ் எரைச்சல்ல போயிடுது, வீட்ல கேளுங்க. நடுவுல தத்துவ ஞானிங்க வர்ற பகுதில பேரு நிறைய, தூக்கக் கலக்கத்துல கேட்டா விட்டுடுவீங்க.

தேடும்போது ஒண்ணு கவனிங்க. இதே நாவல் நைஜல் பிளேனர் வாசிச்ச பழைய பதிவாவும் இருக்கு, டோனி ராபின்சன் வாசிச்ச சுருக்கினதும் இருக்கு, அட்டைல செர்கிஸ் பேரு இருக்கான்னு பாத்துட்டு வாங்குங்க. காமெடிங்கிற பிரிவ நம்பி ஒரு ஆப்புல நான் ரெண்டு புக்கு வாங்கி ஏமாந்திருக்கேன், உணர்ச்சியே இல்லாம ஒரே மாதிரி வாசிச்சு ஜோக்கெல்லாம் செத்துப் போச்சு. அதுலேருந்து எழுத்தாளர் பேர விட வாசிக்கிறவர் பேர வச்சுத்தான் தேடுறேன், சாம்பிள் அஞ்சு நிமிஷம் கேக்காம காசு குடுக்கிறதில்ல.

இது புடிச்சா அடுத்து ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடுங்கிற சயின்ஸ் ஃபிக்‌ஷன் காமெடி கேளுங்க, ஆனா நாவல வாசிச்ச பதிவு இல்ல, பிபிசி ரேடியோ 4ல 1978ல வந்த நாடகம். நாவலே அதுக்கு அப்புறம் 1979லதான் வந்துச்சு, காதுக்குன்னே எழுதினது. காசு செலவு பண்ண வேணாம்னா லிப்ரிவாக்ஸ்ங்கிற இலவச ஆடியோபுக் தளத்துல 1884ல வந்த ஃப்ளாட்லாண்ட் நாவல் இருக்கு, சதுரம் ஒண்ணு தன் கதைய தானே சொல்லும். வாசிக்கிறது தன்னார்வலர்கள், அதனால அதுக்கும் மொதல்ல ஒரு அத்தியாயம் கேட்டுப் பாத்துட்டு இறக்குங்க.

ஸ்மால் காட்ஸ், அந்தத் தட்டை உலகத்துல நடக்குற பிராட்செட்டோட டிஸ்க்வேர்ல்ட் நாவல் வரிசையில 13வது, ஆனா முன்னாடி 12ம் தெரியாமலே கேக்கலாம். ஸ்பீட மட்டும் கூட்டாதீங்க, 1லயே வைங்க. அவரு ஒரு நொடி நிறுத்துற இடத்துலதான் சிரிப்பே இருக்கு.