மலையில் தாங்கியது, அலமாரியில் போனது: டர்பனிலிருந்து ஒரு நீண்ட கால அனுபவம்

மலையேற்றச் சாமான்களை வாங்கிய வாரத்திலேயே மதிப்புரை எழுதுகிறவர்கள் நிறையப் பேர். புதிதில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். இது தென்னாப்பிரிக்காவின் டர்பனில் குடியிருந்துகொண்டு வருடக்கணக்காக டிராக்கன்ஸ்பெர்க் மலைக்குப் போய்வருகிற ஒருவனின் கணக்கு. எது உழைத்தது, எது கைவிட்டது, கைவிட்டபோது கம்பெனிக்காரர்கள் என்ன செய்தார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

இங்கே மலை ஒரு விதம், ஊர் ஒரு விதம். டிராக்கன்ஸ்பெர்க்கின் உச்சிகள் 3,000 மீட்டரைத் தாண்டுகின்றன. நவம்பர் முதல் மார்ச் வரை பிற்பகல் ஆனால் இடியும் மழையும். ஜூன், ஜூலையில் இரவு தண்ணீர் உறைந்துவிடும், சில நாள் பனியும் கொட்டும். டர்பனோ கடலோர ஊர். கோடையில் சென்னை மாதிரியே வியர்வை, பிசுபிசுப்பு, துணியில் பூஞ்சை. என் சாமான்களில் பாதி, மலையில் அடிவாங்கிப் போகவில்லை. வீட்டு அலமாரியில் சும்மா இருந்து போயின. சென்னை, நாகப்பட்டினம், கொழும்பு, பினாங்கு என்று கடற்காற்றில் வாழ்கிற எல்லாருக்கும் இது பொருந்தும் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

பூட்ஸிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எனக்கு அதிகக் கோபம் அதில்தான். பெயர்பெற்ற வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் தோல் பூட்ஸ். மேல்தோல் இன்றைக்கும் பளபளப்பாக இருக்கிறது. ஜயன்ட்ஸ் கப் என்ற பாதையில் போய்க்கொண்டிருந்தோம். சானி கணவாய்ப் பக்கம் தொடங்கி புஷ்மன்ஸ் நெக் வரை ஏறக்குறைய 60 கிலோமீட்டர், 5 நாள் நடை. பாதி வழியில் குதிகால் பக்கம் சோல் பிரிந்தது. குனிந்து பார்த்தால் அடியிலிருந்த ரப்பரில் தேய்மானமே இல்லை. அதற்கும் தோலுக்கும் நடுவில் மெத்தென்று இருக்குமே ஒரு அடுக்கு, அது ஊறிய ரஸ்க் மாதிரி விரலோடு உதிர்ந்து வந்தது. கூட வந்த அண்ணன் ஒருவர் டென்ட் கயிற்றை அறுத்து, பாதத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டார். அப்படியே மிச்ச வழியையும் நடந்து முடித்தேன்.

காரணம் ஒன்றும் மர்மம் இல்லை. அந்த நடு அடுக்கு பாலியூரித்தேன். காற்றிலுள்ள ஈரம் அதன் மூலக்கூறுப் பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுக்கும். வெப்பமும் சேர்ந்தால் இன்னும் வேகம். போடாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் இது நடக்கும். இது தயாரிப்பாளர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் அந்தப் பெட்டியின் மேல் ஒரு வரிகூட இதைப் பற்றி இல்லை.

கடையில் கேட்டேன். "தேய்மானத்துக்கு வாரண்டி கிடையாது" என்றார்கள். தேயவே இல்லையே என்று அடிப்பக்கத்தைக் காட்டினேன், பதில் இல்லை. கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு படங்களோடு எழுதினேன். வாங்கிய நாட்டு விற்பனையாளரைக் கேளுங்கள் என்று பதில் வந்தது. விற்பனையாளர் மறுபடி கம்பெனியைக் கைகாட்டினார். புது சோல் போட்டுத் தாருங்கள், காசு கொடுக்கிறேன் என்றும் கேட்டுப் பார்த்தேன். அந்த வசதி இந்த நாட்டில் இல்லையாம். இலவசம் கேட்டவனாக இருந்தால் சரி, காசு தருகிறேன் என்றவனையும் அனுப்பிவிட்டார்களே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

தென்னாப்பிரிக்காவில் சட்டம் நல்ல சட்டம். 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 56ஆவது பிரிவின்படி, பொருள் கைக்கு வந்த 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால் பழுதுபார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்புவதா என்று முடிவு செய்வது வாங்கியவர் கையில். "பணம் திரும்பத் தரப்படாது" என்று கடைக்காரர் போர்டு வைத்திருந்தாலும் குறையுள்ள பொருளுக்கு அது செல்லாது. இங்கே இருக்கிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பில்லையும் பத்திரப்படுத்துங்கள். ஆனால் ஈரம் தின்கிற பொருள் 6 மாதத்தில் காட்டிக்கொடுக்காது, சில வருடம் கழித்துத்தான் வாய் திறக்கும்.

அடுத்தது மழை ஜாக்கெட். கோர்-டெக்ஸ் துணியை உருவாக்கிய பாப் கோர் 1969இல் டெஃப்லான் வகைப் பொருளை வெடுக்கென்று இழுத்து நுண்துளைப் படலமாக்கியதிலிருந்து தொடங்கிய தொழில் இது. உள்ளே வியர்வை ஆவி வெளியேறும், வெளியே மழைத்துளி உள்ளே வராது. மலையில் நம்பிப் போடலாம், அதில் எனக்குக் குறையே இல்லை. மாறியிருப்பது மேல்பூச்சு. மழைநீரை உருட்டிவிடுகிற அந்தப் பூச்சில் முன்பு பிஎஃப்ஏஎஸ் ரசாயனங்கள் இருந்தன. அவை மண்ணிலும் தண்ணீரிலும் மக்காமல் தங்குவதால் கலிஃபோர்னியா போன்ற இடங்களில் 2025 முதல் துணிகளில் தடை வந்துவிட்டது. மாற்றத்தை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் புதுப் பூச்சு தண்ணீரைத்தான் தள்ளும், எண்ணெய்ப் பசையைத் தள்ளாது. நம் வியர்வையும் உடம்பு எண்ணெயும் கழுத்துப் பட்டியிலும் தோள்பட்டையிலும் ஏறிவிட்டால், மழையில் அந்த இடம் மட்டும் கருத்து ஊறிப்போகும். அடிக்கடி துவைக்க வேண்டும். துணி மென்மையாக்கி சேர்க்காமல் திரவ சோப்பில் அலசி, லேபிள் அனுமதித்தால் இளஞ்சூட்டில் உலர்த்துங்கள். துளிகள் மறுபடி உருளும். கடைக்காரர்கள் துவைக்காதே என்று சொல்வது தப்பு.

அதே ஜாக்கெட்டின் ஜிப் ஒரு குளிர்காலத்தில் மேலே ஏறும், பின்னாலேயே பிளந்துகொள்ளும். கடையில் முழு ஜிப்பையும் மாற்றச் சொல்லி, ஜாக்கெட் விலையில் கால்வாசி கேட்டார்கள். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் தையல் வேலை செய்யும் ஒரு அக்கா இருக்கிறார், துணி ஃபாக்டரியில் வேலை பார்த்துப் பழகிய கை. ஜிப்பின் பல்லை நகத்தால் தடவிப் பார்த்தார். "பல்லு நல்லாத்தான் இருக்கு தம்பி, ஸ்லைடர்தான் வாய் அகன்றுபோச்சு" என்றார். ஸ்லைடர் என்பது ஜிப்பை ஏற்றி இறக்குகிற பிடி. அதன் முதுகைத் திருப்பி, அதில் பொறித்திருந்த எண்ணையும் எழுத்தையும் படித்து, டப்பாவிலிருந்து அதே அளவில் ஒன்றைத் தேடியெடுத்து மாட்டினார். கீழ் நுனியில் நாலு தையல், அவ்வளவுதான். இன்றுவரை ஒழுங்காக ஓடுகிறது.

டென்ட் விஷயத்தில் நல்லது நடந்தது. முதல் டென்டின் உள்பூச்சு, பூட்ஸுக்கு வந்த அதே வியாதியால் பசைபோல ஒட்டி, புளித்த வாந்தி நாற்றம் அடித்தது. இரண்டாவதாக வாங்கியது இரு பக்கமும் சிலிக்கோன் பூசிய நைலான். ஈரம் அந்தப் பூச்சை ஒன்றும் செய்யாது. சிலிக்கோனில் டேப் ஒட்டாது என்பதால் தையல் ஓரங்களுக்கு நாமே பசை தடவ வேண்டும், ஒரு மாலை வேலை. காற்றில் ஒரு கம்பு முறிந்தபோது, அதைத் தயாரித்த சின்னக் கம்பெனிக்கு எழுதினேன். என்ன நீளம், எத்தனையாவது துண்டு என்று திருப்பிக் கேட்டு, அந்தத் துண்டை மட்டும் தபாலில் அனுப்பினார்கள். கூடவே கயிற்றை எப்படிக் கோப்பது என்று கையால் வரைந்த படம் ஒன்று.

தண்ணீர் வடிகட்டிக்கு ஒரே எச்சரிக்கை: ஒருமுறை நனைந்த நுண்குழல் வடிகட்டி உறைந்தால் உள்ளே விரிசல் விடும், வெளியே ஒன்றும் தெரியாது. குளிர்காலத்தில் தூங்கும் பைக்குள் வைத்துக்கொண்டே படுங்கள். கே-வே என்ற பிராண்டில் வாங்கிய முதுகுப்பையைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, உழைக்கிறது.

அமெரிக்காவில் இப்படிப்பட்ட சாமான் விற்கும் ஆர்இஐ 2013இலும், எல்.எல்.பீன் 2018இலும் எப்போது வேண்டுமானாலும் திருப்பித் தரலாம் என்ற பழைய வாக்குறுதியை ஒரு வருடமாகச் சுருக்கிவிட்டன. நன்றாக உழைத்துத் தேய்ந்ததைக்கூட ஜனங்கள் திருப்பிக் கொடுத்தார்கள், கம்பெனிகளைக் குறை சொல்ல மாட்டேன். ஆயுள் முழுக்க மாற்றித் தருவது எனக்குத் தேவையில்லை. உதிரிப்பாகமும் பழுதுபார்க்க ஒரு ஆளும் இருந்தால் போதும், காசு நான் தருகிறேன்.

அடுத்த பூட்ஸுக்காகக் கடை கடையாக ஏறி ஒரே கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறேன்: இந்த மாடலுக்குப் புது சோல் எங்கே போடுவீர்கள், என்ன ஆகும்? பலர் முழித்தார்கள். ஒரு கடையில் மட்டும் இடத்தையும் தொகையையும் எழுதிக் கொடுத்தார்கள். அங்கேதான் முன்பணம் கட்டியிருக்கிறேன்.