ரெசினில் ஒரு டபுள் பீட் வேகன்: கட்டி, வர்ணம் பூசிப் பார்த்ததில்

அயர்லாந்து ரயில் மாடல்களில் இன்று நல்லதெல்லாம் ரெடிமேடாகவே கிடைக்கிறது. மர்ஃபி மாடல்ஸின் 141 வகுப்பு டீசல் இன்ஜினோ, ஐரிஷ் ரயில்வே மாடல்ஸின் ஏ வகுப்போ, பெட்டியைப் பிரித்துத் தண்டவாளத்தில் வைத்தால் ஓடும். அப்படியிருக்க, சர்க்கரை பீட் கிழங்கு ஏற்றும் பழைய சரக்கு வேகன் ஒன்றை நாமே ஒட்டிக் கட்ட, ரெசினில் (அச்சில் ஊற்றி இறுகவிடும் பிளாஸ்டிக்) வார்த்த இருபது முப்பது துண்டுகளை ஒரு பையில் போட்டு 36 யூரோ கேட்கும் கிட்டை எதற்கு வாங்க வேண்டும்? சக்கரம் கிடையாது, வண்டிகளைக் கோக்கும் கப்ளிங் கிடையாது, எழுத்து ஒட்டும் டிரான்ஸ்ஃபரும் கிடையாது. எல்லாம் தனியாக வாங்க வேண்டும். கட்டி முடித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், வாங்கலாம். ஆனால் கூட வரும் செய்முறைத் தாளை நம்பாதீர்கள்.

தயாரிப்பாளரின் பெயரைப் போடவில்லை. தனியாளாக வார்த்து, தானே பொட்டலம் கட்டித் தபாலில் அனுப்புகிறவர். என் கைக்கு வந்த ஒரு பையை வைத்து அவர் பிழைப்பில் கை வைக்க எனக்கு இஷ்டமில்லை.

முதலில் வண்டியைப் பற்றி. அயர்லாந்தின் தென்கிழக்கு மூலையில், வெக்ஸ்ஃபோர்ட் மாவட்டத்தில் வெலிங்டன்பிரிட்ஜ் என்று ஒரு சின்ன ஸ்டேஷன். இலையுதிர் காலம் தொடங்கினால் சுற்றுவட்டார வயல்களின் சர்க்கரை பீட் எல்லாம் அங்கேதான் வந்து குவியும். அங்கிருந்து வாட்டர்ஃபோர்ட், லிமரிக் ஜங்ஷன் வழியாக மல்லோ சர்க்கரை ஆலைக்கு ரயில் போகும். துர்லஸ் ஆலை 1989ல் மூடிய பிறகு பீட் ரயில் முழுக்க மல்லோவுக்குத்தான். 2006ல் மல்லோவும் மூடியது, அதோடு பீட் ரயிலின் கதையும் முடிந்தது. வெலிங்டன்பிரிட்ஜ் வழியாகப் பெயருக்கு ஓடிக்கொண்டிருந்த பயணிகள் ரயிலையும் 2010 செப்டம்பரில் நிறுத்திவிட்டார்கள்.

இந்தச் சரக்கை ஏற்றிய வேகன்களுக்கு ஒரு விசித்திரம் உண்டு. 1950களில் அயர்லாந்தின் அரசுப் போக்குவரத்து நிறுவனமான சி.ஐ.இ.யின் தலைமை மெக்கானிக்கல் இன்ஜினியராக இருந்தவர் ஆலிவர் புல்லீட். இங்கிலாந்தின் சதர்ன் ரயில்வேயில் பெரிய நீராவி இன்ஜின்கள் செய்துவிட்டு இங்கே வந்தவர். சதுப்பில் வெட்டும் டர்ஃப் என்ற கரிமண்ணை எரித்து ஓடும் இன்ஜின் ஒன்றையும் செய்து பார்த்தார், அது ஒன்றோடு நின்றுபோனது. அவர் காலத்து மேல்மூடி இல்லாத சாதாரண வேகன்கள்தான் நிலைத்தன. பக்கங்களில் நெளித் தகடு, அடியில் முக்கோண முக்கோணமாக அமைந்த சட்டம். பிற்பாடு பீட்டுக்குக் கொள்ளளவு போதவில்லை என்று ஒரு வேகன் உடம்பின் தலையில் இன்னொரு வேகனின் உடம்பைத் தூக்கி வைத்துவிட்டார்கள். அதுதான் டபுள். புது வண்டி செய்யக் காசில்லாத ரயில்வே செய்கிற வேலை. பார்க்க அசிங்கமாக இருக்கும், எனக்குப் பிடித்ததும் அதனால்தான்.

டப்ளினில் பல் லேப் ஒன்றில் எனக்கு வேலை. பகல் முழுக்க அச்சும் வார்ப்பும் பாலிஷும்தான். அதனால் பையைப் பிரித்தவுடன் கண் முதலில் போனது வார்ப்பின் தரத்துக்கு. நெளிவுகள் கூர்மையாக வந்திருக்கின்றன. ஓரத்துக் கோணச் சட்டங்களின் ரிவெட் தலைகளைக்கூட எண்ணலாம். அடிச்சட்டத்தின் சாய்வுக் கம்பிகள் ஒல்லியாக இருந்தும் உடையாமல் வந்து சேர்ந்தன. குறை என்றால் காற்றுக் குமிழிதான். நெளிவுகள் மேல்விளிம்பைத் தொடும் இடங்களில் ஊசிமுனை அளவு ஓட்டைகள். வார்த்ததும் அச்சை அழுத்தக் கலத்துக்குள் வைத்திருந்தால் இவை வந்திருக்காது. எங்கள் லேபில் இப்படி ஒரு வார்ப்பு வந்தால் அன்றே திரும்பிப் போய்விடும். வேகனுக்குப் பரவாயில்லை: சூப்பர் க்ளூவில் கொஞ்சம் டால்கம் பவுடரைக் குழைத்துக் குச்சிமுனையால் அடைத்து, முழுசாக இறுகுவதற்குள் அரத்தால் தேய்த்துவிட்டால் சரி.

பக்கத் தகடு ஒன்று வளைந்திருந்தது. இதற்குப் பயப்பட வேண்டாம், சூடான தண்ணீரில் சற்று நேரம் போட்டு, கண்ணாடித் துண்டின் மேல் அழுத்திப் பிடித்து ஆறவிட்டால் நேராகிவிடும். அதற்கு முன்னால் எல்லாத் துண்டுகளையும் பாத்திரம் கழுவும் சோப்பில் பழைய டூத்பிரஷ் கொண்டு கழுவுங்கள். அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வரத் தடவிய மெழுகு அப்படியே இருக்கும், அதன் மேல் வர்ணத்துக்கு அடியில் பூசும் எந்தப் பிரைமரும் நிற்காது. பிளாஸ்டிக் கிட்டுகளுக்கான பசை ரெசினைக் கரைக்காது, எனவே ஒட்டாது. அரத்தூளை மூச்சில் இழுக்காதீர்கள். தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், மாஸ்க் போடுங்கள்.

சக்கரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அயர்லாந்தின் பாதை 5 அடி 3 அங்குலம், அதாவது 1600 மில்லிமீட்டர். இதே அகலம் ஆஸ்திரேலியாவில் விக்டோரியா, தெற்கு ஆஸ்திரேலியா பக்கமும் பிரேசிலிலும் உண்டு. அடிக்கு 4 மில்லிமீட்டர் என்ற அளவில் மாடல் செய்தால் தண்டவாள அகலம் 21 மில்லிமீட்டர் வர வேண்டும். கடையில் விற்பதோ 16.5. வண்டி சரியான அளவில் இருக்க, கால்கள் மட்டும் உள்ளே ஒடுங்கிவிடும். பக்கவாட்டில் பார்த்தால் தெரியாது, எதிரே வரும்போது பார்த்தால் தெரியும். இதைப் பொறுக்க முடியாமல் 21ல் பாதையைத் தாங்களே போட்டு, இன்ஜினின் சக்கரத்தையும் மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கும்பிட்டுவிட்டு நான் 16.5லேயே இருக்கிறேன். இந்தக் கிட்டும் 16.5க்கு வழக்கமான, 26 மில்லிமீட்டர் நீளச் சக்கர அச்சுக்கம்பியை மனதில் வைத்துத்தான் வார்க்கப்பட்டிருக்கிறது. 21க்குப் போகிறவர்கள் அடித்தளத்தை அறுக்கத் தயாராக இருக்க வேண்டும். அந்தக் கம்பியின் முனைகளைத் தாங்கும் பித்தளை பேரிங் கப் உட்காரும் குழிகள் ஆழம் குறைவு, 2 மில்லிமீட்டர் டிரில்லைக் கையால் சுழற்றி ஆழப்படுத்தினேன். அப்புறம் வண்டி நன்றாகவே உருண்டது.

இனி செய்முறைத் தாள். ஒரே பக்கம், ஜெராக்ஸ். மேல் உடம்பைக் கீழ் உடம்பின் மேல் ஒட்டு, பிறகு பிரைமர் அடி, வர்ணம் பூசு என்கிறது. இப்படிச் செய்தால் இந்த வண்டியின் உயிரே போய்விடும். மேலே இருக்கும் உடம்பு வேறொரு வண்டியாக இருந்தது. அது பட்ட வெயில் மழை வேறு, கீழே இருப்பது பட்டது வேறு. 1990களில் எடுத்த வண்ணப் படங்களைப் பாருங்கள், ஒரே டபுளில் மேல்பாதி ஒரு நிறமும் கீழ்ப்பாதி இன்னொரு நிறமுமாக நிற்கும். அதனால் இரண்டையும் தனித்தனி வண்டிகளாக நினைத்துப் பூசிவிட்டுக் கடைசியில் ஒட்டுங்கள். உள்பக்கம் பூசவும் அதுதான் வசதி, ஒட்டிவிட்டால் அந்த ஆழத்துக்குப் பிரஷ் போகாது.

நான் பூசிய விதம் இது. சாம்பல் பிரைமருக்கு மேல் மூன்று துரு நிறங்கள்: கருமை கலந்த காப்பிக்கொட்டை நிறம், செங்கல் நிறம், அங்கங்கே மட்டும் ஆரஞ்சு. ஸ்பாஞ்சுத் துண்டால் ஒற்றி ஒற்றி வைத்தேன், பிரஷ் வேண்டாம், கோடு விழும். நன்றாகக் காய்ந்ததும் மலிவான ஹேர் ஸ்பிரே. அதன் மேல் சி.ஐ.இ.யின் பழுப்பு நிறத்தை ஏர்பிரஷில் மெல்லிசாக அடித்தேன், தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் மட்டும். எனாமல் அடித்தால் இந்த வித்தை பலிக்காது. அரை மணி நேரம் கழித்து, தண்ணீர் தொட்ட மொட்டைப் பிரஷால் தேய்த்தால் ஹேர் ஸ்பிரே கரைந்து பழுப்பு செதில் செதிலாகக் கழன்று துரு வெளியே வரும்.

இங்கேதான் நெளித் தகட்டின் அழகு. நெளிவின் மேடுகளை மட்டும் தேயுங்கள், பள்ளத்தைத் தொடாதீர்கள். அசல் வண்டியிலும் உரசல் மேட்டில்தான் படும், பள்ளத்தில் பழைய பெயின்ட் தங்கிவிடும். சிறிய பிரஷை நெளிவின் போக்கிலேயே இழுத்தால் மேடு முழுக்கத் துருவும் பள்ளத்தில் பழுப்புக் கீற்றுமாக நிற்கும். தள்ளிவைத்துப் பார்த்தால், கொல்லையில் வருஷக்கணக்காகக் கிடந்த இரும்பு வாளியைப் போலவே இருந்தது. மேல் உடம்பில் பழுப்பைக் கொஞ்சம் அதிகமாக விட்டேன், கீழ் உடம்பில் முக்கால்வாசியைக் கழற்றிவிட்டேன். உள்பக்கத்துக்குப் பழுப்பே வேண்டாம். டன் கணக்கில் கிழங்கு விழுந்து உரசும் இடத்தில் பெயின்ட் எப்படித் தங்கும்? துருவும், நடுவில் பென்சில் கரி தேய்த்த இரும்புப் பளபளப்பும் போதும்.

டிரான்ஸ்ஃபர் வாங்கும்போது பையின் அட்டைப் படத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். அதில் வேகன் மேல் பச்சை நிறப் பறக்கும் நத்தை இருக்கிறது. அது சி.ஐ.இ.யின் பழைய சின்னம், இறக்கை வைத்த சக்கரம். நத்தை மாதிரி தெரிந்ததால் ஜனங்கள் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. 1960களில் அதை எடுத்துவிட்டு வட்டச் சின்னம் கொண்டுவந்தார்கள், அதற்கு உடைந்த சக்கரம் என்று பெயர் வைத்தார்கள். இந்த ஊரில் சின்னத்துக்கெல்லாம் யாரும் மரியாதை கொடுப்பதில்லை. டபுள் வண்டிகள் வந்த காலத்தில் நத்தை போய் வெகுநாள் ஆகிவிட்டது. உடைந்த சக்கரத்தை ஒரு பக்கம் ஒட்டி, பாதியைச் சுரண்டிவிட்டேன்.

கிட்டில் சரக்கும் இல்லை. சர்க்கரை பீட் நாம் பொரியல் செய்யும் சிவப்பு பீட்ரூட் இல்லை. வெளிறிய நிறம், மேலே அகன்று கீழே கூம்பிப் போகும். 76ல் ஒரு பங்காகக் குறைத்தால் இரண்டு மூன்று மில்லிமீட்டர். வெள்ளை எள்ளின் வடிவம் அச்சு அசலாக அதேதான்! கடுகையும் போட்டுப் பார்த்தேன், உருண்டையாக இருக்கிறது, எடுபடவில்லை. எள்ளை வெறும் வாணலியில் லேசாக வறுத்துக்கொள்ளுங்கள், ஈரம் போனால் பூஞ்சை வராது. கெட்டி அட்டையை வேகனின் உள்ளளவுக்கு வெட்டி, ஸ்பாஞ்சால் மேடு கட்டி, அதன் மேல் எள்ளைத் தூவி, ஒரு சொட்டு சோப்பு கலந்து நீர்த்த வெள்ளைப் பசையைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். காய்ந்ததும் மண் நிறத்தில் ஒரு வாஷ், அதாவது நீர்த்த பெயின்ட்.

லேபில் என் மேசைக்கு எதிரே உட்காருபவர் வெக்ஸ்ஃபோர்ட்காரர், வீட்டில் பீட் போட்டவர்கள். போனில் படத்தைக் காட்டினேன். எள் என்று சொன்னபோது நம்பவில்லை, பெரிதாக்கிப் பார்த்தார். "மண் பத்தாது," என்றார். "வயலில் பாதியும் சேர்ந்துதான் ரயில் ஏறும்." அன்று சாயங்காலம் இன்னும் இரண்டு கோட் மண் ஏறியது. மேல்விளிம்பு, இரண்டு உடம்பும் சேரும் இடுக்கு, சக்கரத்துக்கு மேலே உள்ள சட்டம், எல்லா இடத்திலும். அவர் சொன்னது சரிதான், சுத்தமான பீட் வண்டி பொம்மை மாதிரிதான் இருந்தது.

விலைக்கு வருவோம். கிட் 36 யூரோ. சக்கரம், பேரிங், கப்ளிங், டிரான்ஸ்ஃபர் எல்லாம் சேர்த்தால் 50ஐத் தாண்டும். எனக்கு இங்கிலாந்திலிருந்து வந்தது. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு அங்கிருந்து வரும் பொட்டலத்துக்கு அயர்லாந்தில் 23 சதவீத வாட் கட்ட வேண்டும், தபால்காரர் தரப்பு கையாளும் கட்டணம் தனி. ஒரு கிட்டாக வரவழைத்தால் கட்டுப்படியாகாது, நண்பர்கள் யாராவது வாங்கினால் சேர்ந்து ஆர்டர் போடுங்கள். கப்ளிங் சொருக இடமே வார்க்கவில்லை என்பதையும் கணக்கில் வையுங்கள். உயரம் பார்த்து நாமே ஒரு தகடு வைத்துத் திருக வேண்டும், 141ன் கப்ளிங் உயரத்தோடு ஒப்பிட்டுக்கொண்டால் தவறாது.

ஒரு முழு பீட் ரயில் வேண்டும், இருபது வண்டி வேண்டும் என்பவர்கள் ரெடிமேடைத் தேடிப் போவதே நல்லது, இதைக் கட்டி முடிப்பதற்குள் ஆர்வம் போய்விடும். முதல் ரெசின் கிட்டாக எடுக்க நினைப்பவர்களுக்கும் இதைவிடச் சின்ன வேகன் ஒன்று நல்லது. ஏர்பிரஷ் கையில் இருந்து, துருப் பிடிக்க வைப்பதில் ருசி கண்டவர்கள் தயங்காமல் வாங்குங்கள். நான் இன்னும் இரண்டு கேட்டிருக்கிறேன், கூடவே அடிச்சட்டம் இல்லாமல் தனி உடம்பு மட்டும் நாலு தருவாரா என்றும். தருகிறேன் என்று பதில் வந்திருக்கிறது, விலை இன்னும் சொல்லவில்லை.