சொருகுவதா, சால்டர் வைப்பதா?

போன ஐப்பசியில் என் மாடல் ரயில் எஞ்சினுக்குள் வைத்த ஒரு டிகோடரைப் புகையவிட்டேன். மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சின்ன சர்க்யூட் அது. எஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்ததும் 'சிட்' என்று ஒரு சத்தம், கருகல் வாடை, அவ்வளவுதான். கும்பகோணத்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கும் மச்சான் பார்த்துவிட்டு, "சொருகுற மாதிரி வாங்கியிருக்கலாமே அத்தான்?" என்றான்.

வாங்கியிருக்கலாம்தான். ஆனால் அந்த எஞ்சினில் சொருக இடமே கிடையாது.

மாடல் எஞ்சினுக்கு டிகோடர் பொருத்த மூன்று வழி உண்டு. எஞ்சினிலேயே சாக்கெட் இருந்தால் சொருகலாம். உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டைக் கழற்றிவிட்டு, அதே அளவில் வரும் டிகோடர் போர்டை மாட்டலாம். இரண்டும் இல்லையென்றால் ஒயர் ஒயராக சால்டர் வைக்க வேண்டியதுதான். எதை எடுப்பது என்பதைக் கடை விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எஞ்சினின் மேல்கூட்டைக் கழற்றிப் பார்த்தபிறகு முடிவு செய்யுங்கள்.

பழைய டிசி முறையில் வேலை எளிது. தண்டவாளத்து மின்சாரம் சக்கரம் வழியாக நேரே மோட்டாருக்குப் போகும். கண்ட்ரோலரில் பிளஸ் மைனஸை மாற்றினால் வண்டி திரும்பி ஓடும். டிசிசி என்னும் டிஜிட்டல் முறையில் தண்டவாளத்தில் எந்நேரமும் 14, 15 வோல்ட் நின்றுகொண்டே இருக்கும். எவ்வளவு விடுவது, எந்தப் பக்கம் விடுவது என்பதை டிகோடர் பார்த்துக்கொள்ளும். நம் ஊர்க் கணக்கில் தண்டவாளம் ஆறு, மோட்டார் வயல், நடுவில் டிகோடர் மதகு. மதகு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பக்கத்தில் கரை உடைந்திருந்தால் என்ன பயன்? மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கொண்டுசேர்க்கும் கரித்துண்டுகளான பிரஷ்களில் ஒன்று எஞ்சினின் உலோகச் சட்டத்தைத் தொட்டு, அந்தச் சட்டம் ஒரு பக்கத்துச் சக்கரத்தோடு சேர்ந்திருந்தால், அதுதான் உடைப்பு. தண்டவாளத்து மின்சாரம் டிகோடரின் வெளியீட்டிலேயே போய் முட்டும். என் டிகோடர் புகைந்தது அப்படித்தான்.

8 பின் சாக்கெட் உள்ள எஞ்சினில் இந்தத் தலைவலி கிடையாது. மோட்டாரைத் தனியாகப் பிரித்து வைத்தே தயாரித்திருப்பார்கள். சாக்கெட்டில் இருக்கும் டம்மி பிளக்கைப் பிடுங்கிவிட்டு டிகோடரைச் சொருகினால் போதும். புது எஞ்சின் வாங்கப்போகிறவர்களுக்கு நான் வேறு எதையும் சொல்லமாட்டேன்.

போர்டு மாற்றும் வழி எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. சுத்தமாக உட்காரும், உண்மைதான். ஆனால் குறிப்பிட்ட சில மாடல்களுக்குத்தான் பொருந்தும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, சுங்கமும் கட்டி, பிரித்துப் பார்க்கும்போது ஒரு திருகுத் துளை தள்ளி நின்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

மிச்சம் சால்டர். பழைய எஞ்சின் வைத்திருக்கிறவர்களுக்கு இதுதான் வழி. நிறங்களுக்கு ஒரு பொது ஒழுங்கு இருக்கிறது: சிவப்பு வலது தண்டவாளம், கறுப்பு இடது, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு, வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு, நீலம் விளக்குகளுக்குப் பொது பாசிட்டிவ். இது மனப்பாடம் ஆவதற்கு ஒரு மாலை போதும். கையைக் கடிப்பது மோட்டாரைப் பிரிக்கிற வேலைதான்.

என்னுடையது எக்ஸ் 04 வகை மோட்டார் உள்ள பழைய இங்கிலாந்து எஞ்சின். இரண்டு பிரஷ்களையும் ஒரே ஸ்பிரிங் தன் இரண்டு கைகளால் அழுத்துகிறது. ஒரு கைக்கு மட்டும் மெல்லிய உறை போட்டிருக்கிறார்கள். உறையில்லாத கை வழியாக மின்சாரம் சட்டத்துக்குப் போகிறது. டிசியில் அது தப்பே இல்லை, ஒரு ஒயர் மிச்சம்! டிசிசியில் அதுதான் எமன்.

இதைக் கண்டுபிடித்தது பெரியப்பா. நாகப்பட்டினத்து ரயில்வே பட்டறை 1928-இல் பொன்மலைக்கு மாறியபோது கூடவே போன குடும்பம் எங்களுடையது. அவரும் அங்கேதான் வேலை பார்த்து ஓய்வுபெற்றார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "மீட்டரை எடுடா முதல்ல" என்றார். டிகோடர் இல்லாமல், மோட்டார் ஒயர்களைக் கழற்றி, மல்டிமீட்டரை பீப் வரும் இடத்தில் வைத்தோம். ஒரு முள் இடது சக்கரத்தில், மறுமுள் ஒவ்வொரு பிரஷ்ஷாக. பிறகு வலது சக்கரம். பிறகு சட்டம். ஒரு இடத்திலும் பீப் வரக்கூடாது. இரண்டாவது தொடுதலிலேயே கத்தியது.

ஸ்பிரிங்கின் அடுத்த கைக்கும் உறை மாட்டினோம், சத்தம் நின்றது. அப்புறம் 12 வோல்ட் கொடுத்து, சக்கரத்தை விரலால் அழுத்தி நிறுத்தி எவ்வளவு ஆம்பியர் இழுக்கிறது என்று பார்த்தோம். பழைய மோட்டார்கள் 1 ஆம்பியரைச் சுலபமாகத் தாண்டிவிடும். சிறிய டிகோடர் தாங்காது. அதனால் அடுத்த முறை கொஞ்சம் பெரிய டிகோடராகவே வாங்கினேன். அதைப் பொருத்தி, எஞ்சினை முதலில் புரோகிராமிங் டிராக்கில், அதாவது டிகோடரில் அமைப்புகளைப் பதியும் தனித் தண்டவாளத்தில், வைத்தேன். அங்கே மின்சாரம் கொஞ்சமாகத்தான் வரும், ஒயரிங்கில் தப்பு இருந்தாலும் பெரும்பாலும் புகையாமல் தப்பலாம்.

மச்சானுக்கும் ஆசை வந்து 8 பின் உள்ள புது எஞ்சின் ஒன்று வாங்கினான். அவனே சொருகினான், தலைகீழாக. வண்டி பின்னால் ஓடியது, விளக்கு எரியவில்லை. பிளக்கைத் திருப்பினால் மோட்டார் ஒயர் இரண்டும் தங்களுக்குள் இடம் மாறிக்கொள்ளும், தண்டவாள ஒயர்களும் அப்படியே. நீலம் மட்டும் வேறு இடத்துக்குப் போய்விடும். பிடுங்கி, திருப்பிச் சொருகினான். முன்விளக்கு எரிந்தது.

"இவ்வளவுதானா அத்தான்?" என்று கேட்டான். நான் மீட்டரைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தேன்.