மீன் அளக்கும் மடக்குப் பலகை: இரண்டு சீசன் பயன்படுத்திய பிறகு

ஸ்மால்மவுத் பாஸ் என்ற வட அமெரிக்க நன்னீர் மீனைப் பிடிக்கிறவர்கள் இந்தப் பலகையை வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்கலாம். 26 அங்குலம் வரை அளக்கலாம், ஒரு முனையில் மீனின் மூக்கு முட்டி நிற்க ஒரு தடுப்பு, நடுவில் கீல், சாமான் அவ்வளவுதான். ஆனால் இது படகில் ஏறிய பிறகுதான் பிடிக்கிற மீனை நான் ஒழுங்காகப் பார்க்கவே ஆரம்பித்தேன்.

போன ஜூலையில் கனடாவின் வடக்கு ஒன்டாரியோவில், பாறை நிலத்து ஏரி ஒன்றில் 17 அங்குல மீன் கிடைத்தது. தலையும் கண்ணும் பெரிது, வயிறு ஒட்டிக் கிடந்தது, எடை 2 பவுண்டு 4 அவுன்ஸ். அப்புறம் செப்டம்பரில், தெற்கே அமெரிக்க-கனடா எல்லையில் இருக்கிற ஈரி ஏரியில் இன்னொன்று. வால் அதே 17ஆம் கோட்டில்தான் நின்றது, ஆனால் எடை 3 பவுண்டைத் தாண்டியது, முதுகு கைக்குள் அடங்கவில்லை. குளிருக்கு முன்னால் மீன் கொழுப்பது வழக்கம்தான், இருந்தாலும் இவ்வளவு வித்தியாசத்துக்கு அது மட்டும் காரணமில்லை.

தண்ணீர் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் இந்த மீனின் வளர்ச்சி கிட்டத்தட்ட நின்றுவிடும். வடக்கில் கோடையும் குறுகியது, தண்ணீரில் சத்தும் குறைவு, அதனால் அங்கே 12 அங்குலம் தொடவே 5, 6 வருடம் ஆகலாம். இன்னும் தெற்கே, அமெரிக்காவின் டென்னசி பக்கத்து நீர்த்தேக்கங்களில் 3 வருடத்திலேயே அந்த நீளம் வந்துவிடும். 1955இல் பிடிபட்ட உலக சாதனை மீன், 11 பவுண்டு 15 அவுன்ஸ், டென்னசி-கென்டக்கி எல்லையில் இருக்கிற டேல் ஹாலோ நீர்த்தேக்கத்தில் கிடைத்ததுதான். ஈரி அவ்வளவு தெற்கே இல்லை. ஆனால் அங்கே 1990களில் பெருகிய ரவுண்ட் கோபி என்ற வெளிநாட்டுச் சிறு மீன் பாஸுக்குக் கொழுத்த தீனி ஆகிவிட்டது.

பலகை வயதைச் சொல்லாது, அது தெரிந்து வாங்குங்கள். வயதுக்குச் செதில் வளையங்களை எண்ண வேண்டும், கிழட்டு மீனில் ஓரத்து வளையங்கள் நெருங்கிப்போவதால் செதிலும் குறைத்தே காட்டும், காதெலும்பைத்தான் பார்க்க வேண்டும், அதற்கு மீன் செத்திருக்க வேண்டும். அந்த வடக்கு மீனுக்கு 10 வயதுக்கு மேல்கூட இருந்திருக்கலாம். அதனால் அந்த மாதிரி ஏரியில் பெரிய மீனை நான் உடனே விட்டுவிடுகிறேன், நீங்களும் விடுங்கள், அந்த இடம் நிரம்பப் பல வருடம் ஆகும்.

குறை என்றால் கீல்தான். பலகையை முழுக்க விரித்தாலும் 13ஆம் அங்குலத்தில் நூலளவு இடைவெளி நிற்கிறது, இரும்பு டேப்பில் சரியாக 14 வருவது பலகையில் 14க்குக் கொஞ்சம் உள்ளேயே நின்றுவிடுகிறது. கீலின் உள்பக்கம் சேர்ந்திருந்த மணலைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுத்த பிறகு பாதி சரியானது. அப்புறம், மீனை வைப்பதற்கு முன் பலகையை நனைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த பிளாஸ்டிக் மீனின் வழவழப்பை உரித்து எடுத்துவிடும்.