பத்துப் புளியங்கொட்டை: எஸ்ஆர்டி 5.1 விதிநூல்

போயா நாளென்றால் கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் பாய் விரித்து ஐந்து பேர் உட்காருவோம். ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆடுவோம்; ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதையாகவே ஆடும் ஆட்டம் அது. கதையை நடத்துவது நான். 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் திறந்துவிடப்பட்ட, அந்த ஆட்டத்தின் அடிப்படை விதிகள் அடங்கிய எஸ்ஆர்டி 5.1 என்ற இலவச விதிநூல்தான் எங்களுக்கு எல்லாம். நானூறு பக்கங்களுக்கு மேல் இருப்பதால் விதிகளையும் மந்திரங்களையும் மட்டும் டவுனில் அச்செடுத்துக் கட்டி வைத்திருக்கிறேன்.

இதில் நான் மிகவும் மதிப்பது மந்திரங்களின் கால அளவு. சண்டையில் எல்லோரும் ஒருமுறை ஆடி முடிப்பது ஒரு சுற்று; அது 6 விநாடி. ‘பிளெஸ்’ என்ற ஆசி மந்திரம் கூடினால் 1 நிமிடம், அதாவது 10 சுற்று; ‘ஷீல்ட் ஒஃப் ஃபெய்த்’ என்ற காப்பு மந்திரம் கூடினால் 10 நிமிடம்; ‘மேஜ் ஆர்மர்’ என்ற மந்திரக் கவசம் 8 மணித்தியாலம். அந்தக் கவசத்தைக் காலையிலேயே போட்டுக்கொள்ளலாம். ஆனால் முதல் நிலை மந்திரவாதிக்கு மந்திரம் சொல்லக் கையிலுள்ள இரண்டு வாய்ப்புகளில் ஒன்று அதிலேயே போய்விடும். முதலிரண்டுக்கும் மனத்தை ஒருமுகப்படுத்த வேண்டும் என்பதால் ஒருவரே இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்க முடியாது. முன்னேற்பாடு செய்யும் ஒவ்வொரு முறையும் எதை விடுவது என்று யோசிக்க வைக்கிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

சென்ற போயாவன்று ஒரு கல் கதவின் முன்னால் நின்றார்கள். பூசாரியாக ஆடும் என் தங்கை மூவருக்கு ‘பிளெஸ்’ சொன்னாள். பத்துப் புளியங்கொட்டைகளைப் பாயில் வைத்தேன், சுற்றுக்கு ஒன்று எடுப்பதற்கு. உடனே கள்வனாக ஆடும் நண்பர், “பொறி இருக்கிறதா என்று கதவைப் பார்க்கிறேன்” என்றார். பத்தையும் அள்ளிவிட்டேன்.

“அண்ணா, சண்டை இன்னும் தொடங்கவே இல்லையே!” என்று கொதித்துவிட்டாள். நேரம் பற்றிய பகுதியைப் புரட்டிக் காட்டினேன். நீண்ட நடைபாதையைப் பதுங்கிக் கடக்க ஏறக்குறைய ஒரு நிமிடம், கதவில் பொறி தேட இன்னொரு நிமிடம், உள்ளே அறையைத் துழாவ நல்ல பத்து நிமிடம் என்று அங்கே இருக்கிறது. இரண்டு முறை வாசித்தாள். அடுத்த கதவில் முதலில் பொறி பார்த்தார்கள், கடைசியில்தான் மந்திரம்.

அங்கே இன்னொரு கேள்வி வந்தது. ‘பிளெஸ்’ வாய்விட்டுச் சொல்லும் மந்திரம். உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்காதா? எவ்வளவு தூரம் கேட்கும் என்று நூல் சொல்லவில்லை. கதவடியில் சொன்னால் கேட்கும், 30 அடி தள்ளிச் சொன்னால் கேட்காது என்று தீர்த்தேன். 30 அடி நடந்து வர ஒரு சுற்று, ஒரு கொட்டை. எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

குறையும் உண்டு. அந்த நேரப் பகுதி மந்திரங்களிலிருந்து வெகு தூரத்தில் கிடக்கிறது. மந்திரங்களோ எழுத்து வரிசையில் இருக்கின்றன. கால அளவுப்படி ஒரு பட்டியல் இல்லை. ஒரு நிமிடத்தவற்றுக்குச் சிவப்பு, எட்டு மணித்தியாலத்தவற்றுக்குப் பச்சை என்று பென்சிலால் ஓரத்தில் நானே கோடிட்டேன். அதற்கு இரண்டு இரவுகள் போயின. ஐந்துக்கு நான்கு தருகிறேன்.